மிஷன் பங்களாவும் ஊழியக் கூடாரமும்: வட திருநெல்வேலி சஞ்சார ஊழியம் தரும் நிர்வாகப் பாடம்

திருச்சபை தூய ஆவியானவரால் நடத்தப்படுகிறது என்று அறிக்கையிடுகின்ற நாம், அது கணக்கு, கட்டடம், சம்பளம், குழு ஆகியவற்றின் வழியாகவும் நடைபெறுகிறது என்பதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஆதித் திருச்சபையிலேயே, பந்தி விசாரணையைக் குறித்து எழுந்த முறுமுறுப்பு புதியதோர் ஊழியப் பொறுப்பு ஏற்படக் காரணமாயிற்று (அப். 6:1-7). பழகிப்போன ஒரு முறையிலிருந்து ஓர் அமைப்பு புதிய முறைக்கு மாறுவது எவ்வாறு? அம்மாற்றத்தை யார் தொடங்க வேண்டும், யார் தாங்க வேண்டும்? வணிக நிறுவனங்களை நடத்துவோர் இன்று இவ்வினாவை ஒரு தனிக் கலையாகவே பயில்கின்றனர். நமக்கோ, சிவகாசி, சாத்தூர், ஆலங்குளம் முதலிய ஊர்களைக் கொண்ட கரிசல் பகுதியிலேயே இதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. அதுவே 1854-இல் தொடங்கிய வட திருநெல்வேலி சஞ்சார ஊழியம்.

பழைய முறை

ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின், திருநெல்வேலியின் தென்பகுதியில் சபைகள் விரைந்து பெருகின. நாளடைவில் மிஷன் பங்களா, ஆலயம், பள்ளி, உபதேசிமார் ஆகியவை சேர்ந்த நிலையங்கள் உருவாயின. அம்முறை பெரும் நன்மைகளைச் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குள்ளேயே ஓர் இடர்ப்பாடும் இருந்தது. சபை வளர வளர மிஷனெரி நிர்வாகியாக மாறினார். பள்ளிக் கணக்குகளைப் பார்ப்பதும், உபதேசிமாருக்குச் சம்பளம் கொடுப்பதும், சபையாரின் வழக்குகளைக் கேட்பதும் அவருடைய நாள்களை விழுங்கின. வளர்ச்சியே வளர்ச்சிக்குத் தடையாயிற்று எனலாம். தெற்கே நிலையங்கள் நெருங்கி நின்ற காலத்தில், வடக்கே எண்ணிறந்த கிராமங்கள் நற்செய்தியைக் கேளாதிருந்தன.

இதே காலத்தில் லண்டனில் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளராயிருந்த ஹென்றி வென், மிஷன் என்பது ஒரு காலத்திற்குரிய ஏற்பாடே என்றும், சுதேச சபை தன்னைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தன்னைத் தானே பரப்பும் சபையாக வேண்டும் என்றும் வற்புறுத்தி வந்தார். கொள்கை தெளிவாயிருந்தது. அதை வயலில் நடத்திக் காட்டுவோர் தேவைப்பட்டனர்.

ராக்லாண்டு செய்த மாற்றம்

தாமஸ் கஜெட்டன் ராக்லாண்டு 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்று, 1841-ஆம் ஆண்டின் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். 1846 முதல் சென்னையில் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். தென்னிந்திய மிஷன் வேலை அனைத்தையும் மேசையிலிருந்து பார்க்கும் பதவி அது. அப்பதவியை விட்டு, 1854-இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் இரு இளைஞருடன் வட திருநெல்வேலிக்கு வந்து கூடாரமிட்டார். கூடாரத்தை ஓரிடத்தில் அடித்து, சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் சென்று பிரசங்கித்து, பின் அதைப் பெயர்த்து அடுத்த இடத்திற்குச் செல்வதே அவர்களது முறை.

இம்மாற்றத்தில் மூன்று கூறுகள் நோக்கற்பாலன. முதலாவது, மாற்றத்தை வகுத்தவரே அதன் பாரத்தையும் சுமந்தார். செயலாளர் சுற்றறிக்கை ஒன்று அனுப்பிப் பிறரை வெயிலுக்கு அனுப்பவில்லை. தாமே வந்தார். இரண்டாவது, பழைய முறை இகழப்படவுமில்லை, இடிக்கப்படவுமில்லை. தெற்கத்திய நிலையங்கள் முன்போலவே நடந்தன. அவற்றின் பலத்திலேயே புதிய வேலை ஊன்றி நின்றது. மூன்றாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து வடக்கே அனுப்பி, அவர்களுடைய செலவையும் தாங்கின. இதுவரை உதவி பெற்ற சபைகள் இப்போது உதவி அனுப்பும் சபைகளாயின. வடக்கே சென்று திரும்பிய உபதேசியார் ஒவ்வொருவரும் தம் சபைக்கு ஒரு செய்தியையும் ஒரு பாரத்தையும் கொண்டுவந்தார் என்பதில் ஐயமில்லை.

ராக்லாண்டு 1858 அக்டோபர் 22-ஆம் நாள் சிவகாசியில் காலமானார். ஐந்து ஆண்டுகள்கூட நிறையவில்லை. எண்ணிக்கையை வைத்துப் பார்ப்போர்க்குப் பலன் சிறிதாகவே தோன்றியிருக்கும். ஆனால் அவ்வூழியத்தில் உழைத்த டபிள்யூ. டி. சத்தியநாதன் 1859-இல் குருவாக அபிஷேகம் பெற்று, பின்னர் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் ஆயராகவும், சுதேச சபை நிர்வாகத்தின் முன்னோடிகளில் ஒருவராகவும் விளங்கினார். கூடாரம் சபைத் தலைவர்களையும் உருவாக்கிற்று.

குறைகளும் உண்டு

வரலாறு எழுதுவோர் புகழ்மாலை மட்டும் தொடுத்தல் தகாது. இம்மாற்றத்தைத் தீர்மானித்தவர்கள் ஐரோப்பியரே. நடந்து தேய்ந்த உபதேசிமாருடைய பெயர்களில் மிகச் சிலவே நம் நினைவில் நிற்கின்றன. உழைப்பு பகிரப்பட்ட அளவிற்கு அதிகாரம் பகிரப்படவில்லை. மேலும், விசுவாசிகள் சேரச் சேர அவர்களுக்கு ஆலயமும் பள்ளியும் ஆயரும் தேவைப்பட்டமையால், கூடாரம் நின்ற நாட்டிலும் காலப்போக்கில் நிலையங்கள் எழுந்தன. இதைத் தோல்வி என்று கருத வேண்டியதில்லை. எந்தப் புதிய முறையும் ஒருநாள் பழைய முறையாகும். அப்போது அதுவும் சோதிக்கப்பட வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

அதிகாரம் கைமாறுவதற்கு இன்னும் நெடுங்காலம் பிடித்தது. 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியபோது, பணமும் ஆள்களும் தீர்மானமும் முற்றிலும் இந்தியருடையவையாயின. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்த இப்பகுதியின் ஆங்கிலிக்கன் சபைகள், அமெரிக்கன் மதுரை மிஷன் வழிவந்த சபைகளோடு மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தில் சேர்ந்தன. ஆங்கிலிக்கன் மரபும் கான்கிரிகேஷனல் மரபும் கூடிய அத்திருமண்டலத்தின் முதற் பேராயர் லெஸ்லி நியூபிகின், பிரஸ்பிட்டீரிய மரபில் வந்தவர். மூன்று மரபினரும் ஒருவருக்கொருவர் இடங்கொடுக்கக் கற்றாலன்றி அவ்வமைப்பு நின்றிருக்க இயலாது.

இன்றைய வினா

ராக்லாண்டு கண்ட கரிசல் நாடு இன்று அவ்வாறே இல்லை. 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிற்று. பட்டாசும் அச்சும் அதனைத் தொடர்ந்தன. 1970-இல் ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை எழுந்தது. மழையையும் பருத்தியையும் நம்பியிருந்த குடும்பங்கள் பலவற்றின் நாளை இப்போது ஆலையின் நேரம் ஆளுகின்றது. பகலில் வீடு சந்திக்கச் செல்லும் ஆயர் பூட்டிய கதவுகளைக் காண்கிறார். பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தால், அடக்க ஆராதனை நடத்தவும் அனாதைப் பிள்ளைகளைத் தேற்றவும் அவரே முதலில் அழைக்கப்படுகிறார். ஆயினும் நம் சேகரக் குழுக்களின் நிகழ்ச்சி நிரலில் கட்டடமும் தேர்தலும் வழக்குமே முன்னிடம் பெறுகின்றன. 1850-இல் மிஷனெரியின் நாள்களை விழுங்கியவை, வேறு பெயருடன் நம் நாள்களையும் விழுங்குகின்றன.

ஆகவே, சபை நிர்வாகத்தில் மாற்றம் நாடுவோர் மூன்று வினாக்களைத் தம்மிடமே கேட்டுக்கொள்வார்களாக. மாற்றத்தை முன்மொழிபவர் எதை விட்டுக்கொடுக்கப் போகிறார்? பழைய முறையில் உண்மையாய் உழைத்தோருக்குப் புதிய முறையில் இடம் உண்டா? பாரம் சுமக்கும் எளிய சபையார் தீர்மானம் செய்யும் மேசையிலும் அமர்வார்களா? முதல் இரண்டிற்கும் ராக்லாண்டின் ஊழியம் நல்ல விடை தந்தது. மூன்றாவதற்கு அது விடை தரவில்லை. அவ்விடையைத் தரவேண்டிய கடமை, இன்று சேகரங்களை நடத்துகின்ற ஆயர்களையும், நாளை நடத்தவிருக்கின்ற இறையியல் மாணவர்களையும் சார்ந்தது.