பள்ளத்தாக்குகளில் வாகனப் புகையின் பரவல்

மலைகளினூடே செல்லும் நெடுஞ்சாலைகளில் வாகனங்கள் கக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் நுண்துகள்களும் எங்கே, எவ்வளவு அடர்த்தியாகத் தங்கும் என்பதைக் கணிதத்தால் முன்கூட்டி அறியும் முயற்சி, வாயுமண்டல ஆராய்ச்சியில் மிகக் கடினமான பகுதிகளுள் ஒன்றாகும். சமவெளிக்கென வகுக்கப்பட்ட காஸியன் கணித மாதிரி, காற்று ஒரே திசையில் சீராக வீசுகிறது என்றும் தரை ஏறக்குறைய மட்டமானது என்றும் கொண்டே புகையின் விரிவைக் கணக்கிடுகிறது; பள்ளத்தாக்கிலோ இவ்விரண்டு அநுமானங்களும் பொய்த்துவிடுகின்றன.

பகலில் வெயிலேறிய சரிவுகளை ஒட்டிய காற்று சூடேறி மேலெழுகிறது. இரவில் அதே சரிவுகள் உஷ்ணத்தை இழக்க, குளிர்ந்து கனத்த காற்று வழிந்திறங்கி அடித்தளத்தில் தேங்குகிறது. இவ்வியக்கத்தின் தினசரிச் சுற்றை 1949-இல் பிரீட்ரிக் டெபான்ட் தெளிவுற வகுத்துக் காட்டினார். குளிர்காலத்தில், கீழே குளிர்காற்றும் மேலே வெப்பக்காற்றுமாக அடுக்கு தலைகீழாகி, பனி மூடிய தரை வெயிலைத் திருப்பியனுப்புவதால் அந்நிலை பல நாள் கலையாது நீடிக்கும்போது, வாகனங்களின் தொகை சிறிதும் கூடாமலே நச்சின் செறிவு பன்மடங்காகிவிடும்.

ஆகவே இங்கே முதலில் கணிக்கவேண்டியது காற்றின் போக்கே. கணக்கீட்டுக் கட்டங்கள் பல கிலோமீட்டர் அகலமாயிருந்தால் குறுகிய பள்ளத்தாக்கு அவற்றினுள் மறைந்தே போகும். எனவே பெரிய கட்டத்தினுள் சிறிய கட்டமாக அமைத்து, சில நூறு மீட்டர் அளவுவரை நுணுகிச் செல்வர். ஆயினும் காற்று அசையாத இரவுகளில், அதாவது மக்கள் மிகுந்த தீங்குறும் வேளைகளிலேயே, கணிதம் மிகத் தளர்கிறது என்பதுதான் இத்துறையின் பெருங்குறை.

பிரான்ஸின் ஷாமனி பள்ளத்தாக்கு இவ்வாராய்ச்சிக்கு அரியதோர் வாய்ப்பை, பெருந்துயரின் வழியாக, அளித்தது. அங்கிருந்து மலையைக் குடைந்து செல்லும், 1965-இல் திறக்கப்பட்ட 11.6 கிலோமீட்டர் நீளமான மோன் பிளான் சுரங்கப்பாதையில் 1999 மார்ச் 24 அன்று மூண்ட தீ 39 உயிர்களைப் பலிகொள்ள, பாதை மூன்றாண்டுகள் அடைபட்டது. சரக்கு லாரிகள் மற்றொரு பள்ளத்தாக்கான மோரியன் வழியாகத் திருப்பப்பட்டன. 'போவா' என்னும் ஆய்வுத்திட்டத்தினர் இரு பள்ளத்தாக்குகளிலும் அளவீடுகள் நடத்தி, காற்றோட்டத்துக்கு 'ஆர்ப்ஸ்' மாதிரியையும் ரசாயன மாறுதல்களுக்கு 'டாபோம்' மாதிரியையும் இணைத்துக் கணித்தனர். 2002-இல் பாதை மீளத் திறந்ததால், லாரிகள் உள்ள நிலையையும் இல்லாத நிலையையும் ஒப்பிட முடிந்தது. வாகனத்தை மட்டும் குற்றஞ்சாட்டுவதும் நியாயமன்று. அங்கே குளிர்கால நுண்துகள்களில் வீடுகளில் எரிக்கும் விறகின் பங்கும் பெரிது, மாதிரி அவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

வாகனப் புகையை எதிர்கொள்ளும் மற்றொரு மலைப்பள்ளத்தாக்கான ஆஸ்திரியாவின் இன் பள்ளத்தாக்கில், காற்றின் தூய்மையைக் கருதியே ஏ12 நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேக வரம்பு விதிக்கப்பட்டுள்ளது.