தவப்பூனையும் வம்சப் பதிவேடும்

அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கும் காட்சி என்றும் அறிஞர்கள் இருவகையாகப் பொருள்கொள்ளும் மாமல்லபுரத்துப் பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கிய பூனையொன்று பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்ய, அதனருகே எலிகள் அச்சமின்றி நிற்கின்றன. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வரும் போலித் தவசிப் பூனையின் கதையை இது நினைவூட்டுகிறது. ஆயினும் அந்த உடலின் நீட்சியும் ஒடுக்கமும், பூனையை நெடுநாள் கூர்ந்து பார்த்த கண்ணுக்கே வாய்ப்பவை.

இவ்வாறு பூனையைக் கூர்ந்து பார்ப்பது பழையதாயினும், அதை இனம் பிரித்து மதிப்பிடும் வழக்கம் மிகப் பிந்தியது. 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வெயர் நடத்திய கண்காட்சி அதற்கு அடித்தளமிட்டது; தலை, ரோமம், கண்ணின் நிறம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் வகுக்கும் இனத் தரவரையறையும், முன்னோரைத் தலைமுறைவாரியாகக் குறிக்கும் வம்சப் பதிவேடும் அதைத் தொடர்ந்து வளர்ந்தன. பூனை இனங்களைப் பதிவு செய்யும் அமைப்புகளாக 1906இல் அமெரிக்காவில் சி.எஃப்.ஏ. சங்கமும், 1949இல் ஐரோப்பாவில் ஃபைஃப் கூட்டமைப்பும், 1979இல் டிக்கா சங்கமும், 1988இல் உலகப் பூனைக் கூட்டமைப்பும் தோன்றின. வம்சம் அறியப்படாத பூனையையும் நடுவர்கள் அதன் தோற்றத்தை ஆராய்ந்து பதிவில் ஏற்கும் புதுமுகப் பிரிவு இவற்றுள் சிலவற்றில் உண்டு.

உலகப் பூனைக் கூட்டமைப்போடு இணைந்த ஃபீலைன் கிளப் ஆஃப் இந்தியா, நம் தெருப்பூனையை ‘இண்டிமாவ்’ என்ற பெயரில் தனி இனமாக முன்வைத்திருப்பது, பாரசீக, சயாமியப் பூனைகளையே உயர்வாகக் கருதிய பழக்கத்தைத் திருத்தும் நற்செயலாகும். அந்த மாமல்லபுரம் அமைந்த செங்கல்பட்டுப் பகுதியில் பூனை வளர்க்க விரும்புவோர் வெளிநாட்டு இனத்தைத் தேடுமுன், தெருவில் பிறந்த குட்டியொன்றுக்கு வீட்டில் இடமளிக்க வேண்டும்.