மூலக்கொத்தளமும் முனைவர் பட்டமும்

அரசியலுக்கு வருவோரை முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் நேற்றுப் பிறந்ததன்று. 1905ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் புனே நகரில் கோபால கிருஷ்ண கோகலே ‘இந்திய ஊழியர் சங்கம்’ என்னும் அமைப்பை நிறுவினார். அதில் சேர விரும்புவோர் ஏழு வார்த்தைப்பாடுகளை அளிக்க வேண்டும். எண்ணத்தில் நாட்டுக்கே முதலிடம் தருவது, சொந்த ஆதாயம் தேடாதிருப்பது, சங்கம் தரும் தொகையில் மனநிறைவோடு வாழ்வது, எவரோடும் தனிப்பட்ட பூசலில் இறங்காதிருப்பது ஆகியவை அவற்றுள் சில. அதன்பின் ஐந்தாண்டுப் பயிற்சி: நூலகத்தில் படிப்பு, நாட்டைச் சுற்றி வந்து மக்களை அறிதல். நவதுறவகத்தையும் குருத்துவக் கல்லூரியையும் அறிந்த நமக்கு இவ்வொழுங்கு அயலானதாகத் தோன்றாது. பொதுவாழ்வு ஆன்மிகத் தன்மை பெற வேண்டும் என்பதே கோகலேயின் விருப்பம்.

அச்சங்கத்தின் சென்னைக் கிளை இராயப்பேட்டையில் இயங்கியது. வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1907இல் அதில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். அவருடைய ஆங்கில நாவன்மை கடல்கடந்தும் புகழ்பெற்றது. 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராகப் பொறுப்பேற்றார். அறிவும் தூய்மையும் உடைய பெருமக்களை அச்சங்கம் உருவாக்கியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்கள் பின்னே மக்கள் திரளவில்லை. தமிழகத்தைப் பின்னாளில் ஆண்டவர்கள் வந்த வழி வேறு. அவ்வழியைக் காண வேண்டுமானால் இராயப்பேட்டையை விட்டு வடக்கே வரவேண்டும்.

தங்கசாலைக்கும் பேசின் பாலத்திற்கும் இடையே, பழைய வண்ணாரப்பேட்டையை ஒட்டி இருக்கிறது மூலக்கொத்தளம். கொத்தளம் என்பது கோட்டை மதிலிலிருந்து புடைத்து நிற்கும் காவல் மேடை. மதில் போய்விட்டது, பெயர் நிற்கிறது. வெளியூரார் இப்பெயரைக் கேட்டால் நினைப்பது சுடுகாட்டைத்தான். ஆனால் இதைச் சுற்றியுள்ள சிறு நிலப்பரப்பு, எவரும் பாடத்திட்டம் வகுக்காத ஓர் அரசியல் பள்ளியாக அறுபது எழுபது ஆண்டுகள் இயங்கியது.

நெசவுத் தொழிலிலும் வணிகத்திலும் செல்வம் ஈட்டிய வடசென்னைக் குடும்பத்தில் பிறந்த பிட்டி தியாகராயர் 1882 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தார். அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவரும் ஆனார். குடிநீரும் சாக்கடையும் தெருவிளக்கும் பேசிப் பேசியே அவர் ஆட்சிக்கலை கற்றார். 1920இல் நீதிக்கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி தம்மைத் தேடி வந்தும் அதை ஏற்க மறுத்தார். பெரம்பூரிலோ ஒரு கடையே பள்ளியாயிற்று. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் செல்வபதி செட்டியாரின் கடையில் நின்று தம் குறைகளைச் சொல்வர். அவரும் இராமானுசலு நாயுடுவும் அக்குறைகளை எடுத்துக்கொண்டு படித்தவர்களை நாடிச் சென்றதன் விளைவே 1918 ஏப்ரல் 27இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம். வாடியா தலைவரானார். பள்ளி ஆசிரியராக இருந்த திரு.வி.க. துணைத் தலைவரானார். தமிழ் மேடைப்பேச்சு தனக்கென ஒரு நடையைக் கண்டதற்கு ஆலைத் தொழிலாளர் முன் அவர் பேசிய மாலைப்பொழுதுகளும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். பேசியவர் மட்டுமா கற்பித்தார்? கேட்டவர்களும் அவருக்குக் கற்பித்தார்கள்.

இப்பள்ளியின் கடினமான பாடம் 1938இல் வந்தது. இராசாசி தலைமையிலான அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. தங்கசாலைத் தெருவிலுள்ள இந்து தியாலசிக்கல் பள்ளியின் முன் நாள்தோறும் மறியல் நடைபெற்றது. 1,198 பேர் கைதாயினர். அவர்களுள் 1,179 பேர் தண்டனை பெற்றனர். பெண்கள் 73 பேர் சிறை சென்றனர். அவர்களோடு 32 குழந்தைகளும் சென்றனர். இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் குழந்தைகளிடமே நின்றுவிடுகிறது. காஞ்சிபுரத்து இளைஞர் அண்ணாதுரைக்கும் நான்கு மாதச் சிறை. முதுகலைப் பட்டத்தைப் பச்சையப்பன் கல்லூரியில் பெற்றவருக்கு அடுத்த படிப்பு அங்கே கிடைத்தது.

ஆனால் மூலக்கொத்தளத்தில் துயில்பவர் அண்ணா அல்லர். 1938 டிசம்பர் 5இல் கைதான நடராசன் சிறையில் நோயுற்று, மருத்துவமனையில் 1939 சனவரி 15இல் இறந்தார். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். எழுத்தறிவு பெரிதும் வாய்க்காதவர் என்பர். மன்னிப்புக் கேட்டால் விடுதலை என்று சொல்லப்பட்டும் அவர் மறுத்தார் என்பது இயக்கத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இரண்டு மாதங்களுக்குள், மார்ச்சில், கும்பகோணத்துத் தாலமுத்துவும் அவ்வாறே இறந்தார். சாவுக்கு நோயே காரணம் என்றது அரசு. இருவரும் மூலக்கொத்தளத்தில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது; 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி நீங்கியது. 1938 நவம்பரில் சென்னையில் பெண்கள் மாநாடு கூட்டி, மறியலில் சிறை சென்ற மருத்துவர் தருமாம்பாளும் 1959இல் இறந்தபின் இதே மண்ணில் இடம் பெற்றார்.

அதன்பின் நடந்தவை பலரும் அறிந்தவை. 1949 செப்டம்பர் 17இல் பவளக்காரத் தெருவில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. மறுநாள் இராயபுரம் இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் முதற்கூட்டம் நடந்தது. கட்சித் தலைமையகமாகிய ‘அறிவக’மும் இராயபுரத்தில்தான் அமைந்தது. தெருத்தோறும் படிப்பகங்கள் எழுந்தன. ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, பத்துப்பேர் சூழ்ந்து கேட்பர். படித்தவர் அடுத்த மாதம் மேடையேறுவார். முன்பு மாநகராட்சித் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டையில் தோற்ற அண்ணாவின் கட்சி, 1959இல் அதே மாநகராட்சியைப் பிடித்தது. எட்டே ஆண்டுகளில் கோட்டையும் அதன் கைக்கு வந்தது.

இதைக் கண்டுதான் ஆய்வாளர்கள் வந்தார்கள். 1957இல் உருசியா விண்ணில் செயற்கைக்கோளை ஏவியதும், அமெரிக்கா அதிர்ந்து, மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இயற்றியது. அந்நிதியில் தமிழ் உள்ளிட்ட ஆசிய மொழிகளைப் பல்கலைக்கழகங்கள் கற்பித்தன. மற்றொரு நிதி, கோதுமையிலிருந்து வந்தது. பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கா அனுப்பிய தானியத்திற்கு இந்தியா ரூபாயாகவே விலை தந்தது. அந்த ரூபாயின் ஒரு பகுதி அமெரிக்க ஆய்வாளர்களின் செலவுக்கும், 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்புவதற்கும் பயன்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளி, தன் கட்சித் துண்டறிக்கை சிகாகோ சென்று சேர்வதற்குத் தன் முதுகும் உதவியது என்று எண்ணியிருப்பானா?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் இர்சிக் 1964இல் முனைவர் பட்டம் பெற்றார். பிராமணரல்லாதார் இயக்கம் பற்றிய அவரது நூல் 1969இல் வெளிவந்தது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1965இல் திராவிட இயக்கம் பற்றியும், 1969இல் நாடார் சமூகம் பற்றியும் நூல்கள் தந்தார். இவர்களுள் என்னைப் பெரிதும் ஈர்ப்பவர் மார்கரீட் ராஸ் பார்னெட். 1942இல் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. தம் இனத்தார் சம உரிமைக்காகப் போராடிய காலத்தில் வளர்ந்தவர். தமிழகத்தின் மொழிவழி அரசியலை ஆராய்ந்து 1972இல் முனைவர் பட்டம் பெற்றார். 1976இல் அது நூலாயிற்று. தலைவர்களை ஆராய்ந்த அவர் தாமே ஒரு தலைவரானார். 1990இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பேற்று, 1992இல் ஐம்பது வயதைக் காணாமலே மறைந்தார்.

ஆய்வாளர் இங்கு வந்ததைப்போலத் தலைவரும் அங்குச் சென்றார். 1968இல் யேல் பல்கலைக்கழகம் முதலமைச்சர் அண்ணாவைச் ‘சப்’ நல்கை பெறுவோராக அழைத்தது. இளையோருக்குப் பொதுவாழ்வில் ஈடுபாடு உண்டாக்க 1936இல் ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளை அது. அமெரிக்கரல்லாத ஒருவர் அப்பெருமையைப் பெற்றது அதுவே முதல்முறை. பல்கலைக்கழகத்திற்கு அவர் மாணவராகச் செல்லவில்லை, கற்பிக்கச் சென்றார். எங்கே கற்றார் என்று எவரேனும் கேட்டிருந்தால், விடையில் தங்கசாலைத் தெருவுக்கும் ஓர் இடம் இருந்திருக்கும்.

நல்கை பெற்று எழுதிய இந்நூல்களை நான் குறைத்து மதிக்கவில்லை. நம் வரலாற்றை நாமே எழுதத் தயங்கிய நாளில் அவர்கள் எழுதினார்கள். எனினும் தலைமை பற்றிய ஆய்வு தலைவரையே சுற்றி வருவது இயல்பு. எழுதியவர், பேசியவர், இதழ் நடத்தியவர் சான்று விட்டுச் செல்கிறார். ஏடு நடராசனைப் பற்றிச் சொல்வது கைதான நாளும் இறந்த நாளும் தவிர வேறு சிறிதே. எழும்பூரில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் மாளிகை இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. ஆண்டுதோறும் சனவரி 25ஆம் நாள் கட்சியினர் மாலைகளோடு மூலக்கொத்தளம் வருகின்றனர். ஒருவன் தலைவனாவதற்கு இன்னொருவன் எவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்பது ஆய்வேட்டுத் தலைப்பாக வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தியாகராயரும் 1959இல் வென்றோரும் பயின்ற அந்த மாநகராட்சி மன்றம், மஸ்டர் ரோல் ஊழலையொட்டி 1973 டிசம்பரில் கலைக்கப்பட்டது. கலைத்தது, அதன் வழியே வளர்ந்த கழகத்தின் ஆட்சியே. பின்வந்த ஆட்சிகளும் 1996 அக்டோபர் வரை தேர்தல் நடத்தவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள்! ஊழல் செய்தவரைத் தண்டிக்க வழி இருந்தது. ஒரு தலைமுறையின் பயிற்சிக்கூடத்தையே பூட்டினார்கள். தண்ணீர் லாரி வராத தெருவுக்காகக் குரல் எழுப்பிப் பழகியிருக்க வேண்டிய இளைஞன், அதிகாரியின் வாசலில் மனுவோடு நின்றான். 2016 முதல் 2022 வரை மீண்டும் மன்றம் இல்லை.

2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. தொழிற்சங்கத் துணைத் தலைவராயிருந்த திரு.வி.க.வின் பெயர் தாங்கிய வடசென்னைப் பகுதியின் 74ஆவது வட்டத்திலிருந்து ஆர். பிரியா தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியல் பின்னணியுள்ள குடும்பத்துப் பெண்தான். ஆனாலும் அவருக்கு வயது இருபத்தெட்டு, அதுவே அவருக்கு முதல் தேர்தல். மார்ச்சு மாதம் அவர் மேயர் அங்கியை அணிந்தபோது, அம்மாநகராட்சியின் முந்நூற்றுச் சொச்சம் ஆண்டு வரலாற்றில் அப்பொறுப்புக்கு வந்த முதல் தலித் பெண்ணானார்.