டிராலி பஸ்ஸுக்கு ஏன் ரெண்டு கம்பி?

மூன்றாம் ஆண்டு வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டார்: "டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும். டிராலி பஸ்ஸுக்கு ஏம்ப்பா ரெண்டு?" நான் பக்கத்தில் நின்ற நண்பனைப் பார்த்தேன். அவன் சீலிங் ஃபேனைப் பார்த்தான்.

விடை சின்னதுதான். டிராமுக்கு இரும்புச் சக்கரம். கரண்ட் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போய்விடும். டிராலி பஸ்ஸுக்கோ ரப்பர் டயர். அதனால் வர ஒரு கம்பி, போக ஒரு கம்பி.

வேலைக்காக சிங்கப்பூர் வந்த பிறகுதான், இந்த ஊரிலேயே 36 வருஷம் டிராலி பஸ் ஓடியிருக்கிறது என்று தெரிந்தது. 1905-ல் இங்கே மின்சார டிராம் வந்தது. நம்மவர்கள் காய்கறி வாங்கப் போகும் தேக்கா பக்கம், மெக்கன்சி ரோட்டில் அதற்கென்று ஒரு பவர் ஹவுஸ். 1906-ல் ஊரின் முதல் மின்சாரத் தெருவிளக்குகள் எரிந்தது அந்த டிராம் கம்பெனி விற்ற கரண்டில்தான்! ஆனால் டிராமில் காசு நிற்கவில்லை. ரிக்ஷாக்காரர்களின் போட்டி ஒரு பக்கம், தேய்ந்துபோன தண்டவாளம் ஒரு பக்கம். எல்லாத் தண்டவாளத்தையும் பெயர்த்து மாற்றுவதைவிட, கூட ஒரு கம்பி இழுத்து டயர் வண்டி விடுவது மேல். 1925-ல் அமைந்த சிங்கப்பூர் டிராக்ஷன் கம்பெனி அதைத்தான் செய்தது. 1926 ஆகஸ்டில் முதல் டிராலி பஸ். 1927 செப்டம்பரில் டிராம் நின்றது.

புகை கிடையாது, இரைச்சல் குறைவு. ஆனால் வளைவில் கோல் கம்பியை விட்டுக் கழன்றால் வண்டி அங்கேயே நிற்கும். கோலைத் திரும்ப மாட்டும்வரை உள்ளே இருப்பவர்கள் வேர்க்க வேண்டியதுதான். அதே கம்பியில் முன்னால் போகும் டிராலி பஸ்ஸை முந்தவும் முடியாது, யாராவது ஒருவர் கோலை இறக்கினால் ஒழிய. அந்தக் காலத்தில் 'கொசு பஸ்' என்று ஏழு பேர் உட்காரும் குட்டி வண்டிகள் ஓடின. கை காட்டின இடத்தில் நிற்கும், சந்து கண்ட இடத்தில் நுழையும். அதோடு போட்டி போட முடியுமா?

புது ரூட் விடுவதென்றால் கம்பம் நட்டு, கம்பி இழுக்க வேண்டும். டீசல் பஸ்ஸுக்கு ரோடு இருந்தால் போதும். டீசல் ஜெயித்ததற்கு என் கணிப்பில் முக்கியக் காரணம் இதுதான். 1955-ல் அந்தக் கம்பெனியில் மாதக்கணக்கில் நீடித்த ஸ்டிரைக்கும் சேர்ந்துகொண்டது. 1962 டிசம்பரில் கடைசி டிராலி பஸ் ஓடியது.

இப்போது நான் ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸும் மின்சாரம்தான். பேட்டரி வண்டி, டிப்போவில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருகிறது. ஏறும்போது பழக்கதோஷத்தில் மேலே ஒரு தடவை பார்ப்பேன். கம்பி இல்லை. வைவாவில் அந்தக் கேள்விக்கு எனக்கு மார்க்கும் இல்லை.