அணையின் அடியில் கூடிய மீன்கள்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து திருவரங்கத்தைத் தீவாக்குகிறது. வட கிளையான கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளம் பெரும்பாலும் அவ்வழியே சென்றுவிட, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சை வயல்கள் வாடின. அதனைத் திருத்த 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், அணைக்கரையில், கீழணையையும் எழுப்பினார். உழவர் பெற்ற நன்மையை நம் நூல்கள் நிறையவே பேசுகின்றன. வலைஞர் கதையைச் சொன்னவர் சிலரே.

வங்காளத்தார் இலிஷ் என்று போற்றும் மீனை நாம் உல்லம் என்போம். கடலில் வளர்ந்து, புதுவெள்ளம் கண்டதும் முட்டையிட ஆற்றில் ஏறுவது அதன் இயல்பு. குறுக்கே சுவர் எழுந்தபின் அது சுவரடியில் திரண்டு நின்றது. துள்ளித் தாண்டும் மீன் அன்று அது. ஐரோப்பியச் சால்மனுக்கென வகுத்த மீன்படிகள் அதற்குப் பயன்படவில்லை. வலைஞருக்கோ கைக்கெட்டிய அறுவடை! ஆனால் அணை மீனைப் பெருக்கவில்லை, ஓரிடத்தில் கூட்டியது மட்டுமே. முட்டையிடப் போகும் தாய்மீனைப் பிடித்து உண்பது விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும்.

இதே ஐயம் இன்று கடலிலும் எழுந்துள்ளது. கூண்டு அமைத்து மீன் வளர்க்கும் இடங்களில், சிந்தும் தீவனத்தை நாடி இயற்கை மீன்கள் சூழ்ந்துகொள்கின்றன. அவை பெருகினவா, பிற இடங்களிலிருந்து ஈர்க்கப்பட்டனவா, அவற்றைப் பிடிக்கும் உரிமை எவருக்கு என்று நார்வேயிலும் மத்தியதரைக் கடற்கரையிலும் ஆய்வாளர் வினவுகின்றனர். கொள்ளிடத்து வலைஞரிடம் அவ்வாறு எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அணைகளால் மீன்வளம் குன்றுமோ என்று 1867 வாக்கில் கவலை எழுப்பியவர் காட்டனே என்பது வியப்புக்கும் மதிப்புக்கும் உரியது. தாம் கட்டியதன் குறையைத் தாமே வினவும் பொறியாளர் எக்காலத்தும் அரியர். பின்னர்ச் சென்னைப் படைப்பிரிவின் மருத்துவர் பிரான்சிஸ் டே ஆறுதோறும் சென்று ஆராய்ந்து, 1873-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். அணைகளின் தடையையும், குஞ்சுகளையும் வாரிவிடும் சிறுகண் வலைகளையும் அவர் கண்டித்தார். 1897-இல் வந்த இந்திய மீன்வளச் சட்டம் நஞ்சையும் வெடியையும் தடுத்தது. சுவர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. 1909-இல் கீழணையருகே உல்ல முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க அரசு முயன்றது.

1934-இல் மேட்டூர் அணை நிறைவெய்தியது. உல்லம் எதிர்நோக்கிய புதுவெள்ளம் அங்கே தேங்கி, மனிதர் திறந்துவிடும் அளவில் வரத் தொடங்கியது. காவிரியில் அம்மீன் அருகி, பின்னர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அணைக்கரையில் இன்றும் வலை வீசுகின்றனர். கெண்டையும் கெளுத்தியும் விராலும் கிடைக்கின்றன.