டெல்லி – சான் பிரான்சிஸ்கோ: 1,400 கி.மீ. சுற்றிப் போயும் சீக்கிரம் சேர்ந்த விமானம்

டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நேர்த் தூரம் சுமார் 12,400 கி.மீ. இதை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைச்சிடும்னு தோணும். கிடைக்காது.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா, டெல்லியிலிருந்து போகும் விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 கி.மீ. ஆனது. ஆனால், பயண நேரம் கிட்டத்தட்ட 2 மணி நேரம் குறைந்து, பதினாலரை மணி நேரமானது.

காரணம், காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. மேற்கே அட்லாண்டிக் பக்கம் போனால் அது எதிர்க்காற்று. கிழக்கே பசிபிக் பக்கம் போனால் பின்னாலிருந்து தள்ளும். கணக்குப் போட்டால், சராசரி வேகம் மணிக்கு சுமார் 1,050 கி.மீ.! திரும்பி வந்ததும் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக் வழியாக. ஆக, ஒரு ரவுண்ட் ட்ரிப்பில் உலகத்தையே சுற்றி வந்தாச்சு.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரங்களைக் கழித்துப் பார்த்தும் ஏமாறாதீங்க. அவை அந்தந்த ஊர் நேரம். அக்டோபரில் டெல்லியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி பதினாலரை மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் காலை 6 மணிதான். டிசம்பரில் என்றால் 5 மணி. அமெரிக்கர்கள் அதற்குள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள்.