31ஆம் பிரிவில் ஒரு சிறுமி

அடங்காத பையனைப் பார்த்து, "சீர்திருத்தப் பள்ளியில கொண்டுபோய்ப் போட்டுருவேன்" என்று மிரட்டும் தாய்மார்களை ராஜபாளையத்துத் தெருக்களில் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த மிரட்டல் எங்கள் பக்கம் திரும்பியதே இல்லை. பெண்பிள்ளைகளுக்கு வேறு மிரட்டல்கள் இருந்தன. "படிப்ப நிப்பாட்டிருவேன்." "மில்லுக்கு அனுப்பிருவேன்." "எவன் கையிலயாவது பிடிச்சுக் குடுத்துருவேன்." பையனைத் திருத்தும் இடம் வீட்டுக்கு வெளியே, அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தது. பெண்ணைத் திருத்தும் இடங்கள் அடுப்படி, ஆலை, புருஷன் வீடு. இதெல்லாம் எங்கள் தெருவின் பேச்சுவழக்கு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். இளம் குற்றவாளிகளுக்காக இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டங்களைத் தேடிப் படித்தபோதுதான், நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டமும் இதே பிரிவினையைச் செய்துவந்திருக்கிறது என்று தெரிந்தது.

படிக்க வைத்தவள் என் மாணவி ஒருத்தி. முதலாண்டு படிக்கும்போது, 18 வயது நிறைய எட்டு மாதம் இருக்கையில், விரும்பியவனோடு ஊரைவிட்டுப் போனாள். வீட்டார் புகார் கொடுத்தார்கள். இருவரையும் கண்டுபிடித்து அழைத்து வந்த பிறகு அவள் வீட்டுக்குப் போக மறுத்தாள். போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவன்மீது போக்சோ வழக்கு பதிவானது. அவளை ஓர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் கழித்து வெளியே வந்தவள், சாட்சி சொல்லப் போகும் நாளில் துணைக்கு வரச் சொன்னாள்.

எங்கள் மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்திலிருந்து அரை மணி நேரப் பேருந்துப் பயணம். வழியெல்லாம் அவள் பேசவில்லை. நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்தபோதுதான் சொன்னாள்: "அவனுக்கு ரெண்டு மாசத்துல பெயில் கெடச்சிருச்சு மேடம். எனக்கு பெயில் போட முடியாதாம்ல. நான் குத்தவாளி இல்லையாம்."

குற்றம் சாட்டப்பட்டவன் வெளியே, பாதுகாக்கப்பட்டவள் உள்ளே. இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

*

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1854இல் சிறுமிகளுக்கென்றே 'ரெட் லாட்ஜ்' என்ற சீர்திருத்தப் பள்ளியைத் தொடங்கியவர் மேரி கார்ப்பென்டர். குற்றம் செய்த சிறுமியும் திருந்தக்கூடியவள், அவளுக்குத் தேவை சிறையல்ல, பள்ளி என்று வாதாடியவர். 1866இல் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தார். பிறகு மூன்று முறை வந்தார். பெண்கல்வியைப் பற்றியும் சிறைகளைப் பற்றியும் இங்கே சிறைகளில் பெரியவர்களோடு அடைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும் விடாமல் பேசினார். 1876இல் இந்தியாவின் முதல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் வந்தது. அதை மாற்றியமைத்து 1897இல் இன்னொரு சட்டம் வந்தது. சிறுமிகளுக்காகப் பள்ளி நடத்திய ஒருவர் முன்னின்று பேசிய சீர்திருத்தம், இந்தியாவில் சட்டமாக வடிவெடுத்தபோது சிறுமியை வெளியே நிறுத்தியது.

1897ஆம் ஆண்டுச் சட்டம் 'இளம் குற்றவாளி' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கம் தெளிவானது: தண்டனை பெறும்போது 15 வயது நிறையாத சிறுவன். சிறுவன் என்றே இருக்கிறது. அவனை மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டுக்கு மிகாமலும் பள்ளியில் வைக்கலாம். 18 வயதுக்கு மேல் வைக்கக் கூடாது. இரவில் பிள்ளைகளைத் தனித்தனியே படுக்கவைக்க வசதி, நல்ல தண்ணீர், உணவு, உடை, படுக்கை, கைத்தொழில் பயிற்சி, மருத்துவ அறை ஆகியவை ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று சட்டமே பட்டியலிட்டது. சென்னை மாகாணத்தில் செங்கல்பட்டில், பழைய கோட்டைக்குள், 1887இலேயே அப்படி ஒரு பள்ளி அமைந்துவிட்டது. அந்தப் பள்ளிகளை நான் உயர்த்திச் சொல்ல வரவில்லை. ஏழைப் பையன்களைத் தொழிலாளிகளாக்கி ஏழைகளாகவே திருப்பி அனுப்பிய கட்டடங்கள் அவை. ஆனால் அவனுக்கு ஒரு எதிர்காலம் உண்டு, கையில் ஒரு தொழில் வேண்டும் என்றாவது சட்டம் யோசித்தது.

சிறுமி எங்கே? சட்டம் முடியும் தறுவாயில், 31ஆம் பிரிவில் வருகிறாள். தமிழ் இலக்கண நூல்களில் புறனடை என்று ஒன்று உண்டு. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தபின், விடுபட்டதை அடக்கிக்கொள்ள இயல் முடிவில் வைக்கும் நூற்பா. அப்படியொரு புறனடையில், 'இந்தப் பிரிவுக்கு மட்டும்' இளம் குற்றவாளி என்பதில் சிறுமியும் அடங்குவாள் என்கிறது சட்டம். அந்தப் பிரிவு நீதிமன்றத்துக்கு இரண்டு வழிகளைத் தந்தது. ஒன்று, கண்டித்து விடுவிப்பது. மற்றது, பெற்றோரிடமோ காப்பாளரிடமோ நெருங்கிய உறவினரிடமோ ஒப்படைப்பது. அப்படிப் பெற்றுக்கொள்பவர், 12 மாதம் வரை அவளுடைய நன்னடத்தைக்குத் தாம் பொறுப்பு என்று எழுதிக்கொடுக்க வேண்டும்.

அன்றைய சிறுமிக்குக் காப்பாளர் யார் என்றும் பார்க்க வேண்டும். பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது. மணமான சிறுமியின் கணவன் தகுதியற்றவன் என்று நீதிமன்றம் கருதினாலொழிய அவளுக்கு வேறு காப்பாளரை நியமிக்கக் கூடாது என்றது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். 13 வயதில் எதையோ திருடிப் பிடிபட்ட ஒரு சிறுமிக்கு அன்று இருந்த வழிகள் இவைதாம்: பெரிய பெண்களோடு சிறை, ஒரு கண்டிப்பு, அல்லது தகப்பன் வீடு, புருஷன் வீடு. எங்கள் தெருத் தாய்மார்கள் சொன்னதைத்தான் சட்டமும் சொல்லியிருக்கிறது.

*

1920இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் தொடர்ந்தன. 14 வயதுக்குட்பட்டவர் குழந்தை, 14 முதல் 16 வரை இளையவர் என்று வகுத்தது. பழைய சீர்திருத்தப் பள்ளி, சான்றளிக்கப்பட்ட பள்ளி என்று பெயர் மாறியது. சிறுமியும் உள்ளே வந்தாள். இதை ஒரு வெற்றி என்றுதான் வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. பல விதங்களில் வெற்றிதான்.

ஆனால் அவள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாள் என்பதைக் கவனிக்க வேண்டும். இச்சட்டம் குற்றம் செய்த பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை. பிச்சை எடுக்கும் பிள்ளை, ஆதரவற்ற பிள்ளை, குடிகாரப் பெற்றோரின் பிள்ளை, திருடரோடும் விலைமாதரோடும் பழகும் பிள்ளை, 'ஒழுக்க ஆபத்துக்கு' உள்ளாகக்கூடிய பிள்ளை ஆகியோரையும் நீதிமன்றத்தின் முன் நிறுத்தலாம் என்றது. தனக்கு அடங்காத பிள்ளையைப் பெற்றவரே கொண்டுவந்து ஒப்படைக்கவும் இடம் தந்தது. எழுத்தில் இவையெல்லாம் இருபாலருக்கும் பொது. நடைமுறையில் 'ஒழுக்க ஆபத்து' என்ற சொல்லுக்கு நம் சமூகம் எப்போதும் பெண்ணுடலையே பொருளாகக் கொண்டிருக்கிறது. பையன் செய்ததற்காக உள்ளே போனான். பெண் தனக்கு நேரக்கூடியதற்காக உள்ளே போனாள். செய்த குற்றத்துக்கு ஒரு வரையறை உண்டு, தண்டனைக்கு ஒரு கால அளவு உண்டு. நேரக்கூடியதற்கு எல்லை ஏது?

இந்தச் சொல்லுக்குள் உண்மையான துயரங்களும் இருந்தன என்பதை மறுக்க முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் நுழைந்த காலத்தில் சிறுமிகளைப் பொட்டுக்கட்டுவதும் விபசாரத்துக்கு விற்பதும் கண்ணெதிரே நடந்தன. 1930களின் தொடக்கத்தில், விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட தேவதாசிக் குடும்பத்துப் பெண்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்து அவர் தொடங்கியதுதான் ஔவை இல்லம். அங்கே போன பெண்கள் படித்தார்கள், ஆசிரியரானார்கள், செவிலியரானார்கள். ஒரு பெண்ணை இல்லத்துக்குள் கொண்டுவருவது எதற்காக என்ற கேள்விக்கு ஔவை இல்லம் சொன்ன விடை, படிக்க வைக்க என்பது. சட்டம் சொன்ன விடை, கெட்டுப்போகாமல் வைக்க என்பது. இரண்டையும் நாம் இன்றுவரை ஒரே சொல்லால் 'பாதுகாப்பு' என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

விடுதலைக்குப் பிறகும் மாநிலத்துக்கு ஒரு சட்டம் என்ற நிலையே தொடர்ந்தது. 1960இல் ஒன்றியப் பிரதேசங்களுக்கு வந்த குழந்தைகள் சட்டம் சிறுவனுக்கு 16, சிறுமிக்கு 18 என்று வயது வைத்தது. சிறைகளில் கிடந்த பிள்ளைகளுக்காக ஷீலா பார்சே என்ற பத்திரிகையாளர் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று 1986இல் நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டே இயற்றப்பட்ட சிறார் நீதிச் சட்டம் 1987 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதிலும் சிறுவன் 16, சிறுமி 18. பெண்ணுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் சலுகை என்று இதை வகுப்பில் சொன்னால் மாணவிகள் மகிழ்கிறார்கள். குற்றம் செய்த பெண்ணுக்கு அது சலுகைதான். குற்றம் செய்யாமல் 'புறக்கணிக்கப்பட்டவள்' என்றோ 'அடங்காதவள்' என்றோ கொண்டுவரப்பட்ட பெண்ணுக்கு, இன்னும் இரண்டு ஆண்டு பிறர் காவலில் இருக்க வேண்டும் என்று பொருள். இந்த வேறுபாடு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் நீங்கியது. இருவருக்கும் 18.

சட்டப் புத்தகத்துக்கு வெளியிலும் பெண்களுக்கான சீர்திருத்தப் பள்ளிகள் இருந்தன. எங்கள் தென்மாவட்டங்களிலும் மேற்கு மாவட்டங்களிலும் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களை நூற்பாலை விடுதிகளில் மூன்று ஆண்டு தங்கவைத்து வேலை வாங்கியதை நாம் அறிவோம். முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை. அதுவரை நினைத்தபோது வெளியே போக முடியாது, நினைத்தவரோடு பேச முடியாது. 1897ஆம் ஆண்டுச் சட்டம் பையன்களுக்கு விதித்த மூன்று ஆண்டும் கைத்தொழிலும் இங்கேயும் இருந்தன. நீதிபதியின் உத்தரவு மட்டும் இல்லை. பெற்றோரின் கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

*

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு சிறார் சட்டம் மறுபடி திறக்கப்பட்டது. குற்றவாளிகள் அறுவரில் ஒருவனுக்கு 18 வயது நிறையவில்லை. வயது வரம்பைக் குறைக்க வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, 2013இல் நீதிபதி வர்மா குழு அதை ஏற்கவில்லை. பெண்ணிய இயக்கங்கள் பலவும் எதிர்த்தன. ஆனாலும் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயதுப் பிள்ளையைப் பெரியவராக விசாரிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. நம் பெயரால், பெண்களின் பாதுகாப்பு என்ற பெயரால், அது நிறைவேறியது.

அந்த இறுக்கம் கடைசியில் யார் தலையில் விழுகிறது? 2022 டிசம்பர் இறுதியில், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் இறந்தான். அவனை அடித்ததற்காக இல்ல ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். நியாயம் கேட்டுப் போராடியவர் அவனுடைய தாய். இல்லங்களைச் சீரமைக்கப் பரிந்துரைக்கும்படி நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை 2023இல் தமிழக அரசு அமைத்தது. அறிக்கையும் அவ்வாண்டே வந்தது. பெயர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன: சீர்திருத்தப் பள்ளி, சான்றளிக்கப்பட்ட பள்ளி, சிறப்பு இல்லம், கூர்நோக்கு இல்லம். உள்ளே இருப்பது ஏழை வீட்டுப் பிள்ளை, வாசலில் நிற்பது அவன் அம்மா என்பது மாறவில்லை. சீர்திருத்தப் பள்ளியின் வரலாற்றில் பெண் என்றால் இந்தத் தாயையும் சேர்த்தே எழுத வேண்டும்.

*

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 2015ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கிறது: சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. முதல் வகைக்குப் பிணை உண்டு. இரண்டாம் வகைக்குப் பிணை என்ற பேச்சே எழாது. அவளை யாரும் சிறைப்பிடிக்கவில்லை அல்லவா? காதலித்து ஓடிப்போகும் பதின்வயதினரைத் தண்டிப்பது போக்சோ சட்டத்தின் நோக்கம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் ஒரு தீர்ப்பில் சொன்னார். அது பையனுக்கு நியாயம் சொன்ன தீர்ப்பு. இல்லத்தில் இருந்த பெண்ணின் மாதங்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

வழி அதே சட்டத்தில் இருக்கிறது. பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டும், நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று அதன் அடிப்படைக் கோட்பாடுகள் சொல்கின்றன. குழுவின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் இடமுண்டு. என் மாணவிக்கு இதை யாரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. இனி உங்கள் வகுப்பிலிருந்து ஒருத்தி இப்படிக் காணாமல் போனால், எங்கே போனாள், அவளிடம் யாராவது பேசினார்களா, பரீட்சை எழுத விடுகிறார்களா என்று கேளுங்கள். நான் அந்த எட்டு மாதமும் கேட்கவில்லை.

சாட்சி சொல்லி முடித்த மாலை, "ஆண்டாள் கோயிலுக்குப் போய்ட்டுப் போவோம் மேடம்" என்றாள். நந்தவனத்தின் அருகே கொஞ்ச நேரம் நின்றோம். துளசிச் செடியடியில் கிடந்த பெண்குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார் என்பது ஊரறிந்த கதை. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தானே சூடிப் பார்த்தாள். அவர் கண்டித்தார். அவள் சூடிய மாலையே வேண்டும் என்று பெருமாள் கேட்டதும் தம் கண்டிப்பைத் திரும்பப் பெற்றார். பலமுறை பாடம் நடத்திய கதை. அவள் பக்கத்தில் நின்றபோது, கண்டித்தவர் தம் தவறை ஒப்புக்கொண்ட இடம்தான் பெரிதாகத் தெரிந்தது.

மறுவாரம் வருகைக் குறைவுக்கு மன்னிப்புக் கோரும் விண்ணப்பத்தோடு வந்தாள். 'காரணம்' என்ற இடம் காலியாக இருந்தது. "என்ன எழுத மேடம்?" என்றாள். உடல்நலக் குறைவு என்று எழுதச் சொல்வதே வழக்கம். நான் பதில் சொல்வதற்குள் அவளே பேனாவை எடுத்து, 'பாதுகாப்பில் இருந்தேன்' என்று எழுதினாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.